மலேசியாவில் நண்பர் திருமணம், மறுவாரம் சிங்கப்பூரில் பெற்றோர்: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியக் கடவுச்சீட்டுடன் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடன் வேலை பார்க்கும் மலேசிய நண்பருக்குக் கிள்ளானிலோ ஈப்போவிலோ கல்யாணம் என்று அழைப்பிதழ் வரும். ஊரிலிருந்து அப்பா அம்மாவும் அதே மாதத்தில் வருகிறோம் என்பார்கள். இரண்டும் தனித்தனியே எளிய காரியங்கள்தாம். அடுத்தடுத்து வரும்போதுதான், எந்தக் காகிதத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது என்ற குழப்பத்தில் அலுவலக வேலையையும் விட்டுவிட்டு அலைய நேர்கிறது. இதில் உள்ள சிக்கல், பெரும்பாலான வேலைகளை மிக முன்னதாகவும் செய்ய முடியாது, கடைசி நாளுக்கும் தள்ள முடியாது என்பதே. ஆகவே இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

1. பயணத்துக்கு முன் உங்கள் சொந்தக் காகிதங்களைப் பாருங்கள்

நீங்கள் வந்து சில வாரங்களே ஆகியிருந்தால், கையில் இருப்பது கொள்கையளவிலான ஒப்புதல் கடிதமா, வழங்கப்பட்ட வேலை அனுமதியா என்பதை முதலில் பாருங்கள். ஐபிஏ என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கடிதம் ஒருமுறை உள்ளே வருவதற்கு மட்டுமே. அனுமதி முறையாக வழங்கப்படும் முன் மலேசியாவுக்குப் போனால், திரும்பி வருவதற்கு உங்களிடம் செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் போகலாம். கல்யாணம் எவ்வளவு நெருங்கிய நண்பருடையதாக இருந்தாலும், அனுமதி கைக்கு வராமல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது கடவுச்சீட்டு. மலேசியாவுக்குள் நுழையும் நாளில் அது குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் அண்மையில் புதுப்பித்திருந்தால், புதிய எண்ணை வேலை அனுமதிப் பதிவில் மாற்றியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணே பதிவில் இருந்தால் தானியங்கி வாயில் உங்களைத் திருப்பி அனுப்பும். ஞாயிறு இரவு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக் கூட்டத்தில் அதிகாரி இருக்கும் முகப்பைத் தேடிப் போவது சோர்வூட்டும் வேலை.

2. நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயிலின் பயணச்சீட்டுகள் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் விற்பனைக்கு வருகின்றன. வார இறுதிச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும். பெற்றோரின் சிங்கப்பூர் விசா விண்ணப்பத்தை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மலேசிய வருகை அட்டை, சிங்கப்பூர் வருகை அட்டை ஆகிய இரண்டையும் போய்ச் சேர்வதற்கு மூன்று நாளைக்குள்தான் நிரப்ப முடியும். எனவே திருமணத்துக்கு ஒரு மாதம் முன், அதற்கு மூன்று நாள் முன், பெற்றோர் வருகைக்கு ஒரு மாதம் முன், அதற்கு மூன்று நாள் முன் என நான்கு நாட்களைக் குறித்து, கைப்பேசியில் நினைவூட்டலும் வைத்துவிடுங்கள்.

பெற்றோரின் விமானத்தைத் திருமணம் முடிந்த மறுநாளுக்கே போடாதீர்கள். சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் ஞாயிறு மாலை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செவ்வாய் அல்லது புதன் நல்லது. சிங்கப்பூர், மலேசியப் பள்ளி விடுமுறைகள், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய வார இறுதியாக இருந்தால் எல்லையில் காத்திருப்பு பல மணி நேரம் நீளும்.

3. மலேசியாவுக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்குப் பிந்தைய திருமணம் என்றால் விதியை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டே சீட்டு வாங்குங்கள்.

கோலாலம்பூர் வட்டாரத்துக்கு மூன்று வழிகள் உள்ளன. விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், ஆனால் இரு விமான நிலையங்களுக்கும் போய்வரும் நேரத்தையும் பயணப்பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். விரைவுப் பேருந்து மலிவு. எல்லையில் நெரிசல் இல்லையென்றால் ஐந்து அல்லது ஆறு மணி நேரத்தில் கோலாலம்பூரின் டிபிஎஸ் முனையத்தில் இறக்கிவிடும். மூன்றாவது, ஷட்டில் தெப்ராவில் ஜொகூர் பாருவுக்குப் போய், அங்கிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் வரை நேரடி இடிஎஸ் மின்ரயிலில் செல்வது. 2025 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவையில் நாலரை மணி நேரத்தை ஒட்டிப் பயணம் முடிகிறது. கிள்ளானுக்குப் போகிறவர்கள் கோலாலம்பூர் சென்ட்ரலிலேயே கிள்ளான் துறைமுகத் தடத்தில் போகும் கொமுட்டர் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை முகூர்த்தமாக இருந்தால் சனிக்கிழமை விடியற்காலையில் எல்லையைக் கடப்பதே என் பரிந்துரை. வெள்ளி மாலை அலுவலகம் முடிந்து நேரே பேருந்து ஏறினால் அந்த இரவில் பாதி சோதனைச்சாவடி வரிசையிலேயே கழிந்துவிடும்.

ஷட்டில் ரயிலில் சிங்கப்பூரிலிருந்து போகக் கட்டணம் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜொகூர் பாருவிலிருந்து வர 5 ரிங்கிட். ஓடும் நேரம் ஐந்து நிமிடம்தான். போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுவது இதன் பெரிய வசதி. இதில் புதியவர்கள் தவறாமல் சிக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த ரயில் கிளம்புவது உட்லண்ட்ஸ் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து அல்ல. உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடி என்ற வேறு கட்டடத்திலிருந்து. எம்ஆர்டியில் இறங்கியபின் மீண்டும் பேருந்து பிடிக்க வேண்டும். ரயில் கிளம்புவதற்குச் சற்று முன்பே வாயிலை மூடிவிடுவார்கள் என்பதால், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முன்னதாகச் சேருங்கள்.

பேருந்தில் போகிறவர்கள் இரண்டு சோதனைச்சாவடிகளிலும் பெட்டியோடு இறங்கி, வரிசையில் நின்று, மறுபுறம் போய் மீண்டும் ஏற வேண்டும். இறங்கும்போதே பேருந்தின் எண்பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து பார்த்தால் ஒரே நிறத்தில், ஒரே நிறுவனத்தின் ஆறேழு பேருந்துகள் நிற்கும். ஓட்டுநரின் முகமும் நினைவில் இருக்காது. நெடுந்தொலைவுப் பேருந்துகள் ஓரளவுக்குத்தான் காத்திருக்கும், ஆகவே நடுவில் கடைக்கோ கழிப்பறைக்கோ போய் நேரத்தைக் கடத்த வேண்டாம். பட்டுச் சேலையும் வேட்டியும் கசங்காமல் இருக்கட்டும் என்று பெரிய பெட்டி கொண்டுவருபவர்களுக்கு ஒரு சொல்: அந்தப் பெட்டியை நகரும் படிக்கட்டுகளில் நீங்களேதான் தூக்க வேண்டும். தோளில் மாட்டும் ஒரு பை போதும்.

4. மலேசிய வருகை அட்டை

எம்டேக் எனப்படும் மின்னணு வருகை அட்டையை மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். தேடுபொறியில் தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். அவை அதே படிவத்தை நிரப்பித் தரக் கட்டணம் கேட்கும். முகவரி ‘ஜிஓவி.எம்ஒய்’ என்று முடிகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். தங்குமிடத்துக்கு விடுதி முகவரியையோ நண்பர் வீட்டு முகவரியையோ அஞ்சல் குறியீட்டுடன் கொடுங்கள். நிரப்பியபின் வரும் உறுதிப்பாட்டைப் படமாகச் சேமித்து வையுங்கள், ஏனென்றால் எல்லையில் கைப்பேசி இணைப்பு சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு மாறும் இடத்தில்தான் அதைக் காட்டச் சொல்வார்கள்.

திரும்பி வருகையில் சிங்கப்பூர் வருகை அட்டை தேவையா என்பது வழியைப் பொறுத்தது. நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்கள் தரைவழியாக வந்தால் தேவையில்லை. விமானத்தில் வந்தால் நிரப்ப வேண்டும்.

5. திருமணத்தில் பணமும் அன்பளிப்பும்

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாலிகட்டு ஒரு நாளும் விருந்து வேறொரு நாளும் நடக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் இருப்பதும் உண்டு. அழைப்பிதழ் எந்த நிகழ்வுக்கு, எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று நண்பரிடம் நேரே கேட்டபின் சீட்டு வாங்குங்கள். மொய்யை உறையில் ரிங்கிட்டாகக் கொடுங்கள். பணத்தைச் சிங்கப்பூரிலேயே, லிட்டில் இந்தியா நாணய மாற்றுக் கடைகளில் மாற்றிக்கொள்வது நல்லது.

திரும்பும்போது அங்கே துணிமணி வாங்கி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடு சென்று வருகிறவர்களுக்கு உரிய பொருள் சேவை வரிச் சலுகை, சிங்கப்பூரின் வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. சுற்றுலாப் பயணிக்கும் நிரந்தரவாசிக்கும் பொருந்துவதை நமக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொண்டு பையை நிரப்பினால் 9 விழுக்காடு வரி கட்ட நேரிடும். சிகரெட்டுக்கு யாருக்குமே சலுகை இல்லை.

6. பெற்றோரின் சிங்கப்பூர் விசா

முழுக் கட்டுரையிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. இந்தியக் குடிமக்களுக்குச் சிங்கப்பூர் வர விசா தேவை. வேலை அனுமதியில் இருக்கும் நமக்கு எளிய வழி, இந்தியாவில் சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த விசா முகவர் மூலம் பெற்றோரை விண்ணப்பிக்கச் செய்வதுதான். அங்கீகரிக்கப்பட்டவர்களின் பட்டியல் தூதரகத் தளத்திலேயே உள்ளது. ஊரில் பலகை மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் அதில் இல்லை. அவர்களும் காகிதங்களை வாங்கி வேறொருவரிடம்தான் கொடுப்பார்கள், நடுவில் தங்கள் கூலியைச் சேர்த்துக்கொள்வார்கள்.

தேவைப்படும் ஆவணங்கள்: கையொப்பமிட்ட 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த வண்ணப் படம், வந்து சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லத்தக்க கடவுச்சீட்டும் அதன் விவரப் பக்கத்தின் நகலும். இவற்றோடு, உங்கள் வேலை அனுமதியின் நகல், நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதம், தங்கும் முகவரி, போகவர விமானச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் முகவர்கள் வழக்கமாகக் கேட்பார்கள். அழைப்புக் கடிதத்தில் உறவு, வருகைத் தேதி, திரும்பும் தேதி, செலவை யார் ஏற்கிறார்கள் என்ற நான்கும் இருந்தால் போதும், இரண்டு பக்கம் எழுத வேண்டியதில்லை.

பெயரில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வரும். அம்மாவின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், விமானச் சீட்டில் கணவர் பெயர் இருக்கும், உங்கள் கடிதத்தில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் அச்சாகியுள்ளபடி, எழுத்து மாறாமல் எழுதுங்கள். உங்கள் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் இருப்பதால் உறவுக்கு அதுவே நல்ல சான்று. அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. முகவரின் சேவைக் கட்டணம் தனி. அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் ஒரு முகவர் முதலில் சொன்ன தொகைக்கு மேல் ‘அவசரக் கட்டணம்’ என்று ஒன்றைச் சேர்த்தார். பட்டியலில் இருந்த வேறொருவரிடம் அப்படி ஒன்றும் இல்லை. பெரும்பாலான விண்ணப்பங்களுக்குச் சில வேலைநாட்களில் முடிவு தெரிந்துவிடும், ஆயினும் கூடுதல் ஆவணம் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கலாம். ஆகவே 30 நாள் சாளரம் திறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடிய கட்டணத்தில் வாங்குவது சற்றுக் கூடுதல் செலவுதான் என்றாலும் மன நிம்மதி தரும்.

விசா வந்தவுடன் அது ஒருமுறை நுழைவுக்கா, பலமுறை நுழைவுக்கா என்று பாருங்கள். பெற்றோரைப் பத்துமலை முருகனைத் தரிசிக்க அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழைவு விசா கட்டாயம் வேண்டும். ஒருமுறை விசாவில் மலேசியாவுக்குப் போய்விட்டால் சிங்கப்பூருக்குத் திரும்ப வேறு விசா எடுக்க வேண்டியிருக்கும்.

7. அவர்கள் எங்கே தங்குவார்கள்

நீங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தால், சீட்டு வாங்குமுன் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியே போதும்; வாய்ச்சொல் போதாது. வாடகை ஒப்பந்தங்களில் விருந்தினர் இரவு தங்குவதைத் தடுக்கும் விதி இருப்பது சாதாரணம். உரிமையாளர் மறுத்தால், அருகில் வேறொரு அறையை இரண்டு வாரத்துக்கு வாடகைக்குப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வீவக வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் ஆறு மாதம், தனியார் குடியிருப்புக்கு மூன்று மாதம். அதற்குக் குறைந்து விடுவது சட்டவிரோதம், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும். உரிமம் பெற்ற விடுதியோ சேவைக் குடியிருப்போதான் வழி. லிட்டில் இந்தியாவில் எடுத்தால் வீரமாகாளியம்மன் கோயிலும் தேக்கா சந்தையும் இட்லி கிடைக்கும் கடைகளும் நடக்கும் தூரத்தில் இருக்கும். நீங்கள் வேலைக்குப் போன பகல்பொழுதில் பெற்றோருக்கு அதைவிட வசதியான வட்டாரம் இல்லை.

8. பெட்டியில் எவை வரக்கூடாது

ஊரிலிருந்து பெட்டி கட்டும்போது தொலைபேசியில் உடனிருங்கள். அம்மா எதை எந்த டப்பாவில் வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கசகசா வேண்டாம். சமையல் பொருள்தானே என்று குருமா மசாலாவோடு ஒரு பொட்டலம் போட்டுவிடுவார்கள்; சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருவது. பாட்டியும் உடன் வருவதாக இருந்தால் வெற்றிலைப் பெட்டியில் உள்ள மெல்லும் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் மூன்றும் தடைசெய்யப்பட்டவை. ஆட்டிறைச்சி ஊறுகாய், உப்புக்கண்டம் போன்ற இறைச்சிப் பொருட்களையும் இந்தியாவிலிருந்து கொண்டுவர முடியாது. பருப்புப் பொடி, வடகம், மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றால் தொல்லை இல்லை.

மருந்துகளில் கூடுதல் கவனம் தேவை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூன்று மாதத்துக்கு மேற்படாத சொந்தப் பயன்பாட்டு மருந்தை, மருத்துவர் சீட்டுடன் அதன் மூலப் பட்டையிலேயே கொண்டுவரலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, வீரியமான வலி மருந்துகள் ஆகியவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். பத்து வேலைநாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மாத்திரைகளைக் கிழமை வாரியாகச் சிறு டப்பாவில் பிரித்துக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால், அந்தப் பிரிப்பு வேலையைச் சிங்கப்பூர் வந்து செய்துகொள்ளட்டும்.

9. சாங்கியில் வந்திறங்கும் நாள்

சிங்கப்பூர் வருகை அட்டையை நீங்களே அவர்களுக்காக, உங்கள் மின்னஞ்சல் முகவரியுடன் நிரப்புங்கள். இதுவும் இலவசம், முகவரி ‘ஜிஓவி.எஸ்ஜி’ என்று முடிய வேண்டும். குடிநுழைவு முடிந்ததும் எத்தனை நாள் தங்கலாம் என்ற மின்னணு அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. விசா இரண்டு ஆண்டு செல்லும் என்றிருந்தாலும், ஒருமுறை வந்தால் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இந்த அனுமதியே முடிவு செய்கிறது. வந்த அன்றே திறந்து பார்த்து, கடைசி நாளை எழுதி வையுங்கள். திரும்பும் சீட்டு அதற்குப் பிந்தையதாக இருந்தால், காலம் முடியுமுன் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள் அல்லது சீட்டை மாற்றுங்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது குற்றம்.

முகப்பில் கேட்பதற்காகத் திரும்பும் சீட்டு, உங்கள் முகவரி, உங்கள் கைப்பேசி எண் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஆனால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே போயிருக்கும். நள்ளிரவில் கிளம்பினால் இங்கே விடிந்திருக்கும். அன்று வெளியே எங்கும் அழைத்துப் போகாதீர்கள்.

10. மருத்துவக் காப்பீடு

இதைப் பணம் மிச்சப்படுத்தும் இடமாக எண்ண வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கு அரசு மருத்துவமனைகளிலும் மானியம் கிடையாது. ஓரிரவு தங்கினாலே கட்டணம் ஆயிரக்கணக்கான வெள்ளியில் வரக்கூடும். காப்பீட்டை இந்தியாவில், புறப்படும் முன் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஒரு வரிதான் காப்பீடு. மற்றதெல்லாம் பெட்டி தொலைந்தால் கிடைக்கும் தொகை.

11. கிளம்பும் நாளில் வரியைத் திரும்பப் பெறுதல்

பெற்றோர் இங்கே வாங்கிய பொருட்களுக்குக் கட்டிய பொருள் சேவை வரியைச் சாங்கியில் திரும்பப் பெறலாம். திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் வரியுடன் சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போதே அவர்களின் கடவுச்சீட்டைக் கடையில் காட்ட வேண்டும் என்பதால், முஸ்தஃபா பேரங்காடிக்குப் போகும் நாளில் அதை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். பதிவு அவர்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். பொருட்கள் பெரிய பெட்டியில் போவதாக இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் வரித்திரும்ப இயந்திரத்துக்குப் போங்கள், ஏனென்றால் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். இதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேருங்கள். மலேசியா வழியாகத் தரைமார்க்கமாக வெளியேறுபவர்களுக்கு இந்தத் திரும்பத்தொகை கிடையாது.